நூற்று மூன்று கைகள்

எங்கள் குடியிருப்பில் சவுனா முறைப் பட்டியலைத் தட்டச்சு செய்வது என் வேலை. யாரும் கேட்டு வாங்குகிற வேலை இல்லை. இருபத்தாறு வீடு, சூடான கல்லில் தண்ணீர் ஊற்றி ஆவியில் குளிக்க ஒரே ஒரு சவுனா அறை, வாரத்துக்கு வீட்டுக்கு ஒரு மணி நேரம். வெள்ளியும் சனியும் மாலை நேரம் எல்லாருக்கும் வேண்டும். திங்கள் மூன்று மணி யாருக்கும் வேண்டாம், அந்த நேரத்துக்குக் கல் சூடாகியிருக்காது. மூன்று வருடமாக ஒரு சச்சரவும் இல்லாமல் பட்டியல் போட்டு வந்தேன். நிர்வாகக் குழுவில் என்னைச் செயலாளராக வைத்திருந்ததே அதற்காகத்தான்.

இந்தக் காபி நன்றாக இருக்கிறது. ஒலிப்பதிவு ஓடுகிறதா? சரி.

நீங்கள் கேட்டது தைஸ்தோ ஹிர்வெலாவைப் பற்றி. பி படிக்கட்டு, பதினான்காம் எண் வீடு, எனக்கு இரண்டு மாடி மேலே. அறுபத்தெட்டு வயது. குவோப்பியோ ஏரியில் ஓடும் பயணப் படகுகளில் இயந்திரம் பார்த்தவர். மனைவி இறந்து ஆறு வருடம். வாசா நகரத்தில் ஒரு மகள், மிர்வா. வீட்டில் ஒரு நாய், நாப்பி. அவர் சாவில் என் பங்கு என்ன என்று கேட்கிறீர்கள். முதலிலிருந்து சொன்னால்தான் சரியாக வரும்.

நான் புள்ளியியல் படித்தவள். ஒரு நீர்ப் பரிசோதனைக் கூடத்துக்கு வீட்டிலிருந்து வேலை செய்கிறேன். ஏரிகளின் அளவீடுகள் எனக்கு வரும். வழக்கத்துக்கு மாறாக ஒரு எண் தென்பட்டால், அது கருவியின் கோளாறா தண்ணீரின் கோளாறா என்று நான் சொல்ல வேண்டும். யாரோடும் பேச வேண்டியதில்லை. எனக்குப் பேச வராது. கடையில் பணம் கட்டும் இடத்தில் ஆள் இருந்தால், இயந்திரம் இருக்கும் வரிசைக்கு மாறிவிடுவேன். இணையத்தில் போக்கர் ஆடத் தொடங்கியதும் அதனால்தான். அங்கே முகம் இல்லை, குரல் இல்லை. ஆட்கள் தங்கள் முடிவுகளாக மட்டும் வந்து உட்கார்கிறார்கள்.

உங்களுக்கு ஆட்டம் தெரியாது என்றீர்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு வரும். பிடிக்கவில்லை என்றால் கவிழ்த்துவிடலாம். பிடித்தால் பந்தயம் கட்டி உள்ளே வரலாம். அவ்வளவுதான் ஒரு கை. நூறு கையில் எத்தனை கைக்கு ஒருவர் உள்ளே வருகிறார் என்பதுதான் அவரைப் பற்றிய முதல் எண். பதினைந்து என்றால் பயந்தவர். இருபது, இருபத்திரண்டு என்றால் விஷயம் தெரிந்தவர். நாற்பது என்றால் அவர் சீட்டைப் பார்ப்பதே இல்லை, வேறு எதையோ மறக்க வந்திருக்கிறார். இதையெல்லாம் குறித்து வைக்க மென்பொருள் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் வாங்கலாம். மேசையில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் சின்னச் சின்ன எண்களாகக் காட்டும். எத்தனை தடவை பந்தயத்தை ஏற்றுகிறார், மிரட்டினால் எத்தனை தடவை பின்வாங்குகிறார். நான் அதில் ஓர் எண்ணைக் கூடுதலாகச் சேர்த்திருந்தேன்: முடிவெடுக்க எத்தனை விநாடி எடுக்கிறார். நான் ஆடிய தளத்தில் இதற்கெல்லாம் அனுமதி உண்டு. அதைப் பதிவு செய்துகொள்ளுங்கள். நான் ஏமாற்றி ஆடியதில்லை.

போன வருடம் இலையுதிர் காலத்தில் என் பதிவில் ஒரு பெயர் கண்ணில் பட்டது. நாப்பி7. பகலில் ஆடுகிறவர். அவருடைய எண் இருபத்தாறு. கொஞ்சம் அவசரக்காரர், ஆனால் முட்டாள் இல்லை. புதன்கிழமைகளில் மட்டும் ஒரு விசித்திரம். நாலு ஐம்பதுக்கு எழுந்து போவார். ஆறு பத்துக்குத் திரும்பி வருவார். திரும்பி வருகிறவர் வேறு ஆள். எண் பதினேழுக்கு இறங்கியிருக்கும். பொறுமையாக ஆடுவார், மிரட்டினால் அசைய மாட்டார். வெள்ளிக்கிழமை வரை அப்படியே இருப்பார். அதற்குப் பிறகு மெல்ல மெல்ல இருபத்தாறுக்கு ஏறுவார். பதினோரு வாரம் இதைப் பார்த்தேன். பதினோரு வாரமும் அப்படித்தான்.

ஒரு மனிதன் புதன்கிழமை ஐந்து மணிக்கு எழுந்து போய், ஒரு மணி நேரத்தில் சாந்தமாகித் திரும்பி வந்தால் இந்த நாட்டில் அதற்கு ஒரே அர்த்தம்தான். உங்களுக்கும் தெரியும். சவுனா முறை. நாடு முழுக்க எத்தனையோ கட்டிடங்களில் புதன் ஐந்து மணி யாருக்காவது இருக்கும், அதனால் அதை வைத்து ஒன்றும் சொல்லிவிட முடியாது. ஆனால் அந்த வாரம் அடுத்த மாதப் பட்டியலைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். புதன், ஐந்து மணி, பி பதினான்கு, ஹிர்வெலா. படிக்கட்டில் அவருடைய நாயின் பெயரை நான் தினமும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அன்று எழுந்து போய்த் தேநீர் போட்டேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதுவரை என் வாழ்க்கையில் ஓர் எண்ணுக்கு உரியவரை நான் பார்த்ததில்லை.

நான் அங்கேயே நின்றிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். வெள்ளி தாண்டிய பிறகு ஆடினால் போதும், அவரைச் சுலபமாக ஜெயிக்கலாம். ஆனால் அது ஊகம் மட்டும்தான். இரண்டு விஷயங்கள் சேர்ந்து நடக்கின்றன என்பதால் ஒன்றால்தான் மற்றது நடக்கிறது என்று சொல்ல முடியாது. முதல் வருடப் பாடம் அது. ஒருவேளை புதன்கிழமைகளில் அவருக்கு வேறு ஏதாவது நல்லது நடந்துகொண்டிருக்கலாம். காரணம் தெரிய வேண்டுமென்றால் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், மற்றதெல்லாம் அப்படியே இருக்க வேண்டும். அதன்பிறகு பார்க்க வேண்டும்.

ஜனவரிக் கூட்டத்தில் மாற்றினேன். குழுத் தலைவி ஹெல்வி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு தாளைப் பார்த்தாள்.

"தைஸ்தோவை எதுக்கு நகத்தற?"

"பதினொன்னாம் நம்பர்ல குழந்தை பொறந்திருக்கு. புதன் அஞ்சு மணி அவங்களுக்குத் தோதா இருக்கும்."

"அவங்க கேட்டாங்களா?"

"கேக்கலை. வாய் விட்டுக் கேக்கிற ஆளுங்க இல்ல."

"உன் ஜாதிதான்னு சொல்லு" என்று சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

தைஸ்தோவுக்குத் திங்கள் மூன்று மணி வந்தது. இரண்டாவது வாரமே படிக்கட்டில் என்னை நிறுத்தினார். நாப்பி என் காலணியை முகர்ந்துகொண்டிருந்தது.

"கைஸ்லா, உனக்கு நான் என்ன பாவம் பண்ணேன், சொல்லு. திங்கக்கெழமை மூணு மணிக்குப் போனா கல்லு என் மாமியார் மாதிரி கெடக்கு. தண்ணி ஊத்தினா உஸ்ஸுன்னுகூடச் சொல்ல மாட்டேங்குது."

"சுழற்சி முறை தைஸ்தோ. ஆறு மாசத்துல மாறிடும்."

"ஆறு மாசமா? சரிதான். ஏரிக்குப் போயிக் குளிக்கலாம்னா அங்க ஐஸ் அரை மீட்டர் தடிமன்."

கோபப்படவில்லை. அந்தச் சனிக்கிழமை மீன் வைத்துச் சுட்ட ரை தானிய ரொட்டியில் பாதியைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். சூடாக இருந்தது. சாப்பிட்டேன். ஆறு வாரம் காத்திருந்தேன். பதினேழு என்ற எண் மறுபடி வரவே இல்லை. எல்லா நாளும் இருபத்தாறு, இருபத்தேழு. ஊகம் உறுதியாயிற்று.

உறுதியானதும் நிறுத்தியிருக்க வேண்டும் என்கிறீர்கள். ஒரு காரணத்தைக் கண்டுபிடித்ததும் மீதிக் காரணங்கள் தெளிவாகத் தெரிய ஆரம்பித்துவிடுகின்றன. இருபத்தேழு ஏன் முப்பத்தைந்தாக இல்லை? எது அவரைப் பிடித்து வைத்திருக்கிறது? பதிவை அலசிப் பார்த்தேன். தினமும் இரண்டு மணிக்கு முக்கால் மணி நேரம் எழுந்து போவார். நாய் நடை. திரும்பி வந்ததும் எண் ஐந்து புள்ளி இறங்கியிருக்கும்.

நாயை வெறுத்தேன் என்று எழுதாதீர்கள். நாப்பிக்கு என்னைப் பிடிக்கும். கண்டால் வாலாட்டும். வேலை எளிதாக முடிந்ததும் அதனால்தான். குப்பை அறைக்குள் போகும்போது தைஸ்தோ அதை வெளியே கைப்பிடியில் கட்டிவிட்டுப் போவார். சாப்பாட்டுக்குப் பிறகு நாம் எல்லாரும் வாயில் போட்டுக்கொள்கிறோமே, பல்லுக்கு நல்லது என்று, அந்த ஸைலிட்டால் மிட்டாய். நாய்க்கு விஷம், கொடுக்காதீர்கள் என்று பொட்டலத்திலேயே போட்டிருக்கும். அதற்குப் பதினொரு வயது. எப்படிப் பார்த்தாலும் இன்னும் இரண்டு வருடம்தான். மார்ச் மாதம் பன்னிரண்டாம் தேதி, வருடத்தின் பதினொன்றாவது வாரம்.

எண் நாற்பத்தொன்று ஆயிற்று.

ஏலக்காய் ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு மேலே போனேன். ஒருவர் வீட்டுக்கு நானாகப் போனது அதுதான் முதல் தடவை. வாசலில் நாய்க்கயிறு அப்படியே மாட்டியிருந்தது. காபி போட்டார். ரொம்ப நேரம் பேசினார். நான் பேசாமல் இருப்பது அவருக்கு வசதியாக இருந்தது என்று நினைக்கிறேன்.

"சிரிக்காதே. கம்ப்யூட்டர்ல சீட்டாடறேன். மிர்வாவுக்குக்கூடத் தெரியாது."

"சிரிக்கலை."

"படகை வித்துட்டேன். அவ அம்மா பேரு எழுதின படகு. மிர்வா கேட்டா, ரிப்பேருக்குப் போயிருக்குன்னு சொல்லி வச்சிருக்கேன். என் மாதிரி ஒரு அப்பன் உண்டா?" ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. "ஆனா ஒண்ணு. அதுல ஹார்மான்னு ஒருத்தன் வரான். ஒரு வார்த்தை பேச மாட்டான். ஆனா நான் மேசை போட்டா எப்பவும் எதிர்ல வந்து உக்காருவான். மத்தவன்லாம் ரெண்டு கை ஜெயிச்சதும் எழுந்து ஓடிடுவான். இவன் கடைசி வரைக்கும் இருப்பான். நல்ல மனுஷன்."

"பொம்பளையாவும் இருக்கலாம்."

"பொம்பளைன்னா இதுக்குள்ள என்னை நாலு திட்டாவது திட்டியிருப்பா."

ஹார்மா என்பது நான்தான். சாம்பல் நிறம் என்று அர்த்தம் என்பது உங்களுக்குத் தெரியும். பெயர் வைக்கும்போது வேறு எதுவும் தோன்றவில்லை.

கிளம்பும்போது ஒரு சாவியை என் கையில் வைத்தார். "போன வருஷம் இதயத்துல ஒரு சின்னக் குழாய் வச்சு அடைப்பை எடுத்தாங்க. எதாவது ஆச்சுன்னா கதவை உடைச்சுத் தொலைப்பாங்க, புதுக் கதவு என்ன விலை தெரியுமா. மிர்வா இருக்கறது வாசாவுல. நீ இருக்கறது முப்பத்தினாலு படி கீழ. எண்ணிப் பாத்துட்டேன்."

எண்ணிப் பார்க்கிறவர் என்பது அவரைப் பற்றி எனக்குத் தெரியாத விஷயம்.

அதே நாள் இன்னொன்றும் சொன்னார். மிர்வா தன் வீட்டுக்குக் கீழ்த்தளத்திலேயே அவருக்கு ஒரு வீடு பார்த்திருந்தாள். நடுக்கோடை விழாவுக்கு வருவாள். ஆகஸ்டில் அவரைக் கூட்டிப் போய்விடுவாள். "போறதுக்குள்ள இந்தச் சீட்டை விட்டுடணும். அவ முகத்தைப் பாத்துக்கிட்டு ஒளிச்சு வச்சு ஆட முடியாது பாரு."

அது நல்ல செய்திதான். நானும் அப்படித்தான் சொன்னேன். கீழே வந்து நாட்காட்டியைப் பார்த்தேன். ஆகஸ்டுக்கு இருபது வாரம் இருந்தது. இருபது வாரத்துக்குப் பிறகு பதிவு நின்றுவிடும். இவ்வளவு சுத்தமான பதிவு எனக்கு இனி எங்கேயும் கிடைக்காது.

அந்தச் சமயத்தில் அவர் எண்ணில் ஓர் ஏற்ற இறக்கம்தான் மிச்சம் இருந்தது. ஞாயிறு பன்னிரண்டு மணிக்கு மிர்வா தொலைபேசியில் கூப்பிடுவாள். ஒரு மணிக்கு அவர் ஆட வரும்போது நாற்பத்தொன்று இருபத்துநாலாகியிருக்கும். நாயும் இல்லை, சூடான கல்லும் இல்லை, ஆனாலும் இருபத்துநாலு. அவ்வளவு வலுவான காரணத்தை நான் எதிர்பார்க்கவில்லை.

மே மாதத்தில் மிர்வாவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். உங்களிடம் அது இருக்கிறது, படித்திருப்பீர்கள். ஏழு வரி. உங்கள் தந்தை இணையத்தில் பணம் வைத்து ஆடுகிறார். மார்ச் மாதம் படகை விற்றுவிட்டார், அது பழுது பார்க்கப் போகவில்லை. இதயச் சிகிச்சைக்குப் பிறகும் நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கிறார். அக்கறையுள்ள ஓர் அண்டை வீட்டார். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. மகளுக்குத் தெரிய வேண்டிய விஷயம்தானே என்று நீங்களே ஒத்துக்கொள்வீர்கள்.

அடுத்த ஞாயிறு மாலை அவர் தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். பெட்டியைத் திறக்கவில்லை, ஞாயிறு அன்று தபால் வராது என்பது அவருக்கும் தெரியும்.

"மிர்வா நாலு நிமிஷம் பேசினா" என்றார். "அம்மா பேரு போட்ட படகை வித்துட்டு ரிப்பேர்ல இருக்குன்னு என்கிட்ட எத்தனை வாட்டி சொன்னீங்கப்பான்னா. நான் என்ன சொல்றது. வச்சுட்டா."

"அப்புறம் கூப்பிடுவாங்க."

"அவ அம்மா பிடிவாதம் அவளுக்கு." என்னைப் பார்த்தார். "யாரு சொல்லியிருப்பாங்க, கைஸ்லா?"

"தெரியலை."

"படகை வாங்கினவனாத்தான் இருக்கும். வாசாக்காரன் அவன். எங்கேயாவது பாத்து உளறியிருப்பான்."

நான் படியேறி வீட்டுக்கு வந்தேன்.

எண் ஐம்பத்தெட்டு. பாதிக்கு மேற்பட்ட கைகளில் சீட்டைப் பார்க்காமலே உள்ளே வந்துகொண்டிருந்தார். அவரிடமிருந்து என் கணக்குக்கு எவ்வளவு வந்தது என்ற பட்டியலை உங்கள் ஆட்கள் எடுத்திருக்கிறார்கள். அதில் ஒரு காசுகூட நான் செலவு செய்யவில்லை, அப்படியே இருக்கிறது. பணத்துக்காகச் செய்தேன் என்று எழுதினால் அது தவறாகிவிடும்.

கடைசி நாளுக்கு வருகிறேன். ஜூன் பதினைந்து, ஞாயிறு. மிர்வா கூப்பிடாத நாலாவது ஞாயிறு. நல்ல வெயில். எல்லார் வீட்டு மாடத்துக் கண்ணாடிகளும் திறந்திருந்தன. இரண்டு மணிக்கு நாப்பி7 இருவர் மட்டும் ஆடும் மேசை ஒன்று போட்டார். ஹார்மாவாக நான் எதிரில் உட்கார்ந்தேன். ஆளுக்கு ஆயிரத்து ஐந்நூறு பந்தய வில்லை. யாருடைய வில்லை தீர்கிறதோ அவர் தோற்றவர். ஒவ்வொரு கைக்கும் இருவரும் கட்டாயமாகக் கொஞ்சம் வைத்தே ஆக வேண்டும், ஆடினாலும் ஆடாவிட்டாலும். ஒருவர் எழுந்து போய்விட்டாலும் தளம் ஆட்டத்தை நிறுத்தாது. அவர் முறை வரும்போது பதினைந்து விநாடி காத்திருக்கும், பிறகு அவர் சீட்டைத் தானே கவிழ்க்கும்.

முடிவெடுக்க எத்தனை விநாடி என்று ஓர் எண் சேர்த்தேன் என்றேன் அல்லவா. தைஸ்தோவுக்கு அது ரொம்பச் சுத்தமான எண். மோசமான சீட்டு என்றால் மூன்று விநாடி. நல்ல சீட்டு என்றால் ஒன்பது விநாடி, யோசிப்பது போல நடிப்பார். அவரோடு நான் ஆடியது முப்பத்தோராயிரத்து நானூற்று ஆறு கை. அதில் ஒரு தடவைகூட அவர் கடிகாரம் முழுசாக ஓடி முடிந்ததில்லை. சவுனாவுக்குப் போனால்கூட எழுந்துவிட்டேன் என்ற பொத்தானை அழுத்திவிட்டுத்தான் போவார். எதிரில் இருப்பவரைக் காக்க வைப்பது மரியாதை இல்லை என்று என்னிடம் ஒரு தடவை சொல்லியிருக்கிறார்.

இரண்டு பத்தொன்பதுக்கு ஒரு கை வந்தது. ஒன்பது விநாடி எடுத்துக்கொண்டு பந்தயத்தை ஏற்றினார். நல்ல சீட்டு. நானும் வைத்தேன். பொதுச் சீட்டு மூன்று விரிந்தது. நான் பந்தயம் கட்டாமல் விட்டேன். அவர் முறை.

ஒன்பது விநாடி ஆயிற்று. பன்னிரண்டு. பதினைந்து. தளம் கூடுதலாக ஒரு நிமிடம் கொடுத்தது. அதுவும் ஓடி முடிந்தது. நல்ல சீட்டு கவிழ்ந்தது.

இணைப்பு போயிருக்கலாம் என்று நினைத்தேன். இணைப்பு போனால் பெயர் மங்கும். மங்கவில்லை. கட்டிடம் முழுவதற்கும் ஒரே இணைப்புதான், என்னுடையது ஓடிக்கொண்டிருந்தது. கதவைத் திறக்கப் போயிருக்கலாம் என்று நினைத்தேன். எங்கள் படிக்கட்டில் யார் ஏறினாலும் எனக்குக் கேட்கும். யாரும் ஏறவில்லை. இரண்டாவது கை வந்தது. பதினைந்து விநாடி, கவிழ்ந்தது. மூன்றாவது. பதினைந்து விநாடி.

சாவி என் மேசையின் இழுப்பறையில் இருந்தது. இழுப்பறை என் முழங்கைக்குப் பக்கத்தில்.

நான் உட்கார்ந்திருந்தேன். அவருக்கு அது பிடித்த விஷயம், கடைசி வரைக்கும் இருப்பது. வில்லைகள் பத்தும் இருபதுமாக என் பக்கம் வந்துகொண்டிருந்தன. முற்றத்தில் யாரோ விரிப்பைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு ஐம்பத்தெட்டுக்கு அவர் வில்லை தீர்ந்தது. அவர் ஆடுவது நின்ற பிறகு தளம் போட்டது நூற்று மூன்று கை. மேசை மூடிக்கொண்டது. கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு மேலே போனேன். முப்பத்தினாலு படிதான். அவர் சரியாகத்தான் எண்ணியிருந்தார்.

நாற்காலிக்கும் மேசைக்கும் நடுவில் கிடந்தார். மூச்சு இருந்தது. கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் அதை அளக்க வழியில்லை. மூன்று மணி நாலு நிமிடத்துக்கு அவசர எண் நூற்றுப்பன்னிரண்டைக் கூப்பிட்டேன். அவர்கள் சொன்னதையெல்லாம் சரியாகச் செய்தேன். வண்டி ஏழு நிமிடத்தில் வந்தது. செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் இறந்தார். அரை மணி நேரம் முன்னால் வந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று மருத்துவர் உங்களிடம் சொன்னாராம். அரை மணி நேரம் என்பது துல்லியமான சொல் இல்லை, ஆனால் அவர் சொல்ல வருவது புரிகிறது.

ஆஸ்பத்திரி நடையில் மிர்வா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "நீங்கதான் கீழ்வீட்டுக் கைஸ்லாவா? அப்பா எப்பவும் உங்களைப் பத்தித்தான் பேசுவார். பேசாத பொண்ணு, ஆனா மனசு நல்ல மனசுன்னு. ஒரு மாசமா நான் அவர்கிட்டப் பேசவே இல்ல, தெரியுமா உங்களுக்கு? நீங்களாவது பக்கத்துல இருந்தீங்களே."

"ரெண்டு மாடி கீழ" என்றேன்.

அவள்தான் கடிதத்தை உங்களிடம் கொடுத்தாள். வீட்டைக் காலி செய்ய வந்தவள், சவுனாக் கதவில் ஒட்டியிருந்த பட்டியலைப் பார்த்திருக்கிறாள். என் அச்சு இயந்திரம் ஒவ்வொரு தாளின் வலது ஓரத்திலும் ஒரு மெல்லிய கோடு போடும். கடிதத்திலும் இருந்தது. கருவியின் கோளாறு. நாள் முழுக்க மற்றவர்களின் கருவியில் அதைத்தான் தேடுகிறேன், என்னுடையதில் பார்க்கவில்லை.

ஆட்டப் பதிவை நீங்கள் கேட்பதற்கு முன்பே நானே கொடுத்தேன். அதில் பிழை இருக்காது என்பதால் கொடுத்தேன். மேலே ஏதோ நடந்துவிட்டது என்று எந்த நிமிடத்தில் எனக்குத் தெரிந்தது என்று மூன்றாவது தடவையாகக் கேட்கிறீர்கள். எனக்குத் தெரியவில்லை என்று மூன்றாவது தடவையாகச் சொல்கிறேன். முப்பத்தோராயிரம் கையில் ஒரு தடவை நடந்ததை வைத்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது. தெரிந்திருந்தால் போயிருப்பேன். நான் கெட்டவள் இல்லை.

நீங்கள் இப்போது விரல் வைத்திருக்கும் அந்த வரி வேறு விஷயம். அது கணக்கைச் சுத்தமாக வைத்துக்கொள்வதற்காகச் செய்தது, எப்போதும் செய்வதுதான். இனி வரும் அவருடைய கைகளைப் பதிவில் சேர்க்க வேண்டாம் என்று இரண்டு இருபத்தொன்றுக்கு நான் குறித்திருக்கிறேன். ஆள் இல்லாத கைகளைச் சேர்த்தால் அவர் எண் கெட்டுவிடும்.